அங்கே சைக்கிள் விடுகிறார்களே, கிண்டியில் ஏன் முடியாது?

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடை முடிந்து அருகம்புல் சாறு குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் கூட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அதில் ஒருவருக்கு மகள் மான்செஸ்டரில் இருக்கிறார். அங்கே இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தவர், கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். பச்சைப் பள்ளத்தாக்கு, குறுக்கே உயரமான கல்பாலம், அதன்மேல் மருமகன் முன்னே போக, பேத்தி பின்னே குட்டி சைக்கிளில்.

“இது நேஷனல் பார்க் சார். உள்ளேயே சைக்கிள் விடுறாங்க. நமக்கும் ஊருக்கு நடுவுல ஒண்ணு இருக்கு. கிண்டியில பூட்டி வெச்சிருக்கோம்.”

பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு மரக்கிளையை வெட்டினாலே மனசு கொதிக்கும். அவர் விடுவாரா? “அவங்க காட்டை எல்லாம் என்னிக்கோ அழிச்சுட்டாங்க. அதனாலதான் ரோடு போட்டு விளையாடுறாங்க. அதை இங்கே கொண்டுவராதீங்க.”

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, ஆனால் வாக்குவாதம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. காரணம், ‘தேசியப் பூங்கா’, ‘பாதை’ என்ற இரண்டு சொற்களையும் ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘பாதையை மேம்படுத்துவது’ என்றால் தார் ஊற்றுவது, பேவர் பிளாக் பதிப்பது, வாசலில் வளைவு வைத்துத் திறப்பு விழா நடத்துவது என்றுதான் நம் ஊரில் பழகிவிட்டோம். உண்மையில் அதெல்லாம் கடைசியில் வருகிற வேலை. அதற்கு முன்னால் நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை முதலிலிருந்து பார்ப்போம்.

ஒரே பெயர், இரண்டு சங்கதி

‘ஹோட்டல்’ என்று நாம் சொன்னால் இட்லி சாப்பிடுகிற இடம். அதையே வெளிநாட்டுக்காரர் சொன்னால் படுத்துத் தூங்குகிற இடம். தேசியப் பூங்கா விஷயமும் அப்படித்தான்.

இந்தியாவில் தேசியப் பூங்கா என்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்படும் காடு. அங்கே முதல் உரிமை விலங்குகளுக்கு. மனிதர் உள்ளே போக அனுமதி வேண்டும், ஆடு மாடு மேய்க்கக் கூடாது. சரணாலயத்தைவிடக் கடுமையான காவல் இது. தமிழ்நாட்டில் இப்படி ஐந்து இருக்கின்றன: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா.

பிரிட்டனில் 1949-இல் வந்த சட்டத்தின் பெயரே ‘தேசியப் பூங்காக்களும் நாட்டுப்புறத்தை அணுகுதலும்’ என்ற பொருளில் இருக்கும். பெயரிலேயே மனிதர் வந்துபோவது அடங்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி 1951-இல் அறிவிக்கப்பட்ட முதல் பூங்காதான் நண்பரின் வீடியோவில் வந்த பீக் டிஸ்ட்ரிக்ட். பரப்பு சுமார் 1,438 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர், அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, பள்ளி, சந்தை, தபால் நிலையம் இருக்கின்றன, ஆட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஏற்காடு மலையையும் அதன் ஊர்களையும் தோட்டங்களையும் சேர்த்து, அழகு கெடாமல் காக்கவேண்டிய பகுதி என்று அறிவித்தால் எப்படியோ அப்படி.

அங்கே நடப்பதற்கான உரிமையும் சும்மா கிடைத்ததல்ல. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். அது நிலப்பிரபுக்கள் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த இடம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். வாரம் முழுக்க ஆலையில் புகை குடித்தவர்களுக்கு ஞாயிறன்று நடக்க ஒரு மலை தேவைப்பட்டது. அந்த மலைதான் பிறகு முதல் பூங்காவுக்குள் வந்தது.

ஆக, இங்கே காப்பது காட்டை, அங்கே காப்பது மனிதர் வாழும் நாட்டுப்புறத்தை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, பாதை என்றால் என்ன என்பதில் இருக்கிறது.

கிணற்றுக் கயிறு

நாற்பது அடிக் கயிறு நல்ல உறுதியாக இருக்கிறது, நடுவில் ஒரு சாண் மட்டும் நைந்திருக்கிறது. அதைக் கட்டி வாளியை இறக்குவீர்களா? பாதையும் அப்படித்தான். அதன் தரம் நல்ல பகுதியைப் பொறுத்ததல்ல, மோசமான ஒரு சாணைப் பொறுத்தது. துறைக்காரர்கள் இதைத் தொடர்ச்சி என்பார்கள்: புறப்பட்ட இடத்திலிருந்து சேரவேண்டிய இடம் வரை இறங்காமல், சுற்றாமல், பயப்படாமல் போக முடிவது.

சென்னைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பிளாட்பாரம் ஐம்பது அடி அருமையாக இருக்கும். அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர். இறங்கு. ஏறு. ஒரு வீட்டுக்குக் கார் ஏற்ற சாய்தளம். இறங்கு. ஏறு. இளநீர்க் கடை, நாலு பைக், கட்சிக் கொடிக்கம்பம். ஒரு கட்டத்தில் ஆள் பிளாட்பாரத்தை மறந்து ரோட்டிலேயே நடக்கிறார். “நடைபாதை போட்டுக் கொடுத்தாலும் ரோட்டில்தான் நடப்பார்கள்” என்று காரில் போகிறவர் அலுத்துக்கொள்கிறார். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. ‘தடையில்லாமல்’ என்பதுதான் அதில் உயிரான சொல்.

நண்பரின் வீடியோவில் வந்த மான்சல் பாதைக்கும் இதே கதை உண்டு. 1968-இல் மூடப்பட்ட ஒரு ரயில்தடத்தின் மேல் அமைந்தது அது. நீளம் சுமார் 13.7 கிலோமீட்டர். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டார்கள். ஆனால் வழியில் நான்கு சுரங்கங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். பாதுகாப்பு கருதி அவை பூட்டியே கிடந்தன. ஒவ்வொரு சுரங்கத்தின் வாயிலிலும் பாதையை விட்டு விலகி, சரிவில் ஏறி இறங்கிச் சுற்ற வேண்டும். நடக்கிறவர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். சைக்கிள்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் வந்த வழியே திரும்பினார்கள். 2011 மே மாதம் சுரங்கங்களைச் செப்பனிட்டு விளக்குப் போட்டுத் திறந்தார்கள். புதிதாக ஒரு பாதையும் போடவில்லை, அறுந்திருந்த இடங்களை முடிந்தார்கள், அவ்வளவுதான். எட்டு வயதுப் பேத்தி இன்று அங்கே சைக்கிள் விடுவதற்கு அந்த நான்கு முடிச்சுகள்தான் காரணம்.

தொடர்ச்சி பூங்காவின் வாசலோடு நிற்பதும் இல்லை. பீக் டிஸ்ட்ரிக்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். கிராமத்துச் சந்து முழுக்க வண்டி நிற்கும். பாதையை மேம்படுத்த நினைக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, “மலைமேல் என்ன தளம் போடலாம்?” என்பதல்ல. ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் எப்படிப் பாதைக்கு வருகிறார், இந்தக் கிராமத்துப் பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எப்படிப் போகிறது என்பவைதான் கேள்விகள். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ரயில் ஈடேல், ஹோப் என்ற கிராமங்களில் நிற்கிறது. இறங்கி நேராக மலைக்கு நடக்கலாம். நாட்டுப்புறத்தில் இப்படி ஒரு நிலையம் இருப்பது, பத்து கிலோமீட்டர் புதுப்பாதைக்குச் சமம் என்பேன்.

வாட்டம்

இனி வருவதுதான் விஷயத்தின் மையம். இதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டாம், மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

எங்கள் வீடு கட்டும்போது மாடித்தளம் போட்ட மேஸ்திரி, வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை நடுமாடியில் கவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மெதுவாக நகர்ந்து, மூலையில் இருந்த குழாய் வாய்க்குள் போய் விழுந்தது. “வாட்டம் சரியா இருக்கு” என்றார். வாட்டம் என்பது தண்ணீர் தானாக ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கிற மெல்லிய சாய்வு. வாட்டம் தப்பிய குளியலறையில் குடியிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைல்ஸாக இருந்தாலும் காலடியில் எப்போதும் குட்டை.

மலைப்பாதையை நடக்கிறவர்கள் கெடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். நடக்கிறவர் தொடங்கி வைக்கிறார், முடித்து வைப்பது தண்ணீர். அது நடக்கும் விதம் இதுதான். முதலில் நாலு பேர் நடக்க, புல் சாகிறது. காலியான மண்ணைக் காலடிகள் திம்சுக்கட்டை மாதிரி இடித்து இறுக்குகின்றன. இறுகிய மண் தண்ணீரை உறிஞ்சாது. மழை பெய்தால், சுற்றிலும் உள்ள புல்தரை குடித்துக்கொள்ளும், பாதை குடிக்காது. அந்த நீர் பாதையின் மேலேயே கீழ்நோக்கி ஓடும். ஓடுகிற நீர் மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். பாதை அரை அங்குலம் தாழும். தாழ்ந்த இடத்துக்கு அடுத்த மழையில் இன்னும் அதிக நீர் வரும். சில ஆண்டுகளில் பாதை ஓடையாகிவிடும். யாரும் வெட்டாத வாய்க்கால்.

கதை அத்தோடு முடிவதில்லை. பாதையில் சேறு என்றால் நாம் என்ன செய்வோம்? ஓரமாகப் புல்மேல் நடப்போம். அந்தப் புல் சாகும். அதுவும் சேறாகும். அடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். ஒற்றையடிப் பாதையாக இருந்தது, அகண்டு அகண்டு லாரி போகிற அகலத்துக்கு ஒரு காயமாக விரியும். செருப்பு நனையக்கூடாது என்ற சின்ன ஆசைதான் இத்தனைக்கும் காரணம்.

பீக் டிஸ்ட்ரிக்டின் மேட்டுநிலத்தில் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் அங்கே மண்ணே வேறு. பீட் என்று சொல்வார்கள்: செத்த பாசியும் செடிகொடிகளும் நீரில் ஊறி, முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிய மண். டீ வடிகட்டியில் மிஞ்சிய ஈரத்தூளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே பதம். ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கால் புதைகிற ஆழத்துக்கு அது சேர ஐந்நூறு ஆண்டு ஆகும். அதை அரித்து எடுக்க மழைக்குச் சில ஆண்டுகள் போதும்.

1965-இல் திறக்கப்பட்ட பென்னைன் வழி என்ற நெடுந்தூர நடைபாதை ஈடேலில் தொடங்கி வடக்கே ஸ்காட்லாந்து எல்லை தாண்டி, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் போகிறது. திறந்த பிறகு கூட்டம் சேர்ந்தது, பீட் நிலத்தில் பாதை சேற்றுக் குளமானது. மாற்று வழி தேடியவர்கள் கடைசியில் போய் நின்ற இடம், மூடிக்கிடந்த பழைய பஞ்சாலைகள். ஆலைகளின் தரையில் பாவியிருந்த பெரிய பலகைக் கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய், சேற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். கல் அகலமானதால் பாரம் பரவும், மண்ணில் புதையாது. காலும் நனையாது. கால் நனையாததால் யாரும் ஓரமாகப் போவதில்லை, இரண்டு பக்கமும் புல் திரும்ப வந்துவிட்டது. பெரம்பூர் பின்னி மில்லின் தரைக்கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பொதிகை மலையில் பாவியதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஆலைத் தொழிலாளிகளின் பாட்டன்மார் நின்று தேய்த்த கல்மேல் இன்று ஊரே நடக்கிறது. எனக்கு இதில் ஏதோ ஒரு நியாயம் தெரிகிறது, ஆனால் அது வேறு கட்டுரை.

எல்லா இடத்துக்கும் கல் வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் மேஸ்திரியின் வாட்டமே போதும். பாதையின் குறுக்கே, பள்ளத்தின் பக்கமாக மெல்லிய சாய்வு கொடுத்தால் நீர் பாதையின் நீளத்துக்கு ஓடாமல் உடனே ஓரமாக இறங்கிவிடும். அதிகச் சரிவான இடத்தில் சில மீட்டருக்கு ஒருமுறை குறுக்கே ஒரு கல்வரிசை அல்லது சின்னக் கால்வாய் வைத்து நீரை வெளியே திருப்பிவிடுவார்கள். மேலே சரளையும் ஜல்லித்தூளும் கலந்து போட்டு உருளை ஓட்டினால் சைக்கிளுக்கும் போதும். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். நல்ல பாதை வேலையின் அடையாளமே அதுதான், இதனால்தான் அதற்குத் திறப்பு விழா நடப்பதில்லை.

தார் போடக்கூடாதா என்றால், போடலாம், இடத்தைப் பொறுத்து. இங்கிலாந்தின் இன்னொரு தேசியப் பூங்காவான லேக் டிஸ்ட்ரிக்டில் கெஸ்விக்–த்ரெல்கெல்டு என்ற பழைய ரயில்தடப் பாதை 2015 டிசம்பர் புயல்மழையில் பாலங்களோடு அடித்துப் போனது. நாமும் இங்கே வெள்ளத்தில் கிடந்த அதே டிசம்பர். 2020 டிசம்பரில் அதைத் திரும்பத் திறந்தபோது தார்த்தளம் போட்டிருந்தார்கள். இயற்கை அழகு போச்சு என்று ஒரு தரப்பு, சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் இப்போதுதான் உள்ளே வர முடிகிறது என்று மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. ஊரை ஒட்டிய சமதளப் பாதையில் தார் இருக்கட்டும், ஆளில்லாத மலைமுகட்டில் கல்லோ சரளையோ இருக்கட்டும்.

சுருக்கமாக: தளம் எதுவானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது நீர் போகிற வழி. தொடர்ச்சி ஆளைக் கொண்டுவரும், வாட்டம் பாதையைக் காப்பாற்றும்.

பழனியில் ஏன் இரண்டு வழி?

பழனி மலைக்குப் படிப்பாதையும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. மலை ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். படியில் போனால் சீக்கிரம், மூச்சு வாங்கும். யானைப்பாதை சுற்றிக்கொண்டு போகும், முழங்கால் தப்பிக்கும். ஏற வேண்டிய உயரத்தை யாராலும் குறைக்க முடியாது, அதை எவ்வளவு தூரத்தில் பரப்புகிறோம் என்பது மட்டும் நம் கையில். இதை அளக்கிற கணக்குக்கு ஏற்ற விகிதம் என்று பெயர். இருபது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறது என்றால், இருபதுக்கு ஒன்று.

கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் அந்த விகிதத்தில் ஒரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் 50 மீட்டர் ஏறியிருப்பீர்கள். உங்களையும் சைக்கிளையும் பதினாறு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு உங்கள் கால்களே தூக்கிக்கொண்டு போனதற்குச் சமம். சென்னையில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறுவதுதான் நமக்கு மலையேற்றம், அதனால் இது உறைப்பதில்லை.

பழைய ரயில்தடங்கள் சைக்கிளுக்கு வரமாக அமைவது இதனால்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும், செங்குத்தான ஏற்றம் ரயிலுக்கு ஆகாது. எனவே நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே பொறியாளர்கள் குன்றைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி, ஏற்றத்தைப் பரப்பி வைத்துவிட்டார்கள். ரயில் போய்விட்டது, அந்தச் சொகுசான சரிவு மிச்சம்.

ரயில்தடம் இல்லாத மலையில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இந்தக் கணக்குத்தான். நடைபாதையிலும் இப்படி வளைவுகள் வைப்பார்கள். அங்கே பெரிய எதிரி, பொறுமை இல்லாமல் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு நேராக இறங்கும் ஆள். அவர் போட்ட குறுக்குவழியில் முதல் மழை ஓடும். மீதிக் கதை மேலே சொன்னதுதான்.

ஒரே பாதை, மூன்று வேகம்

நடக்கிறவர் மணிக்கு 5 கிலோமீட்டர், நிதானமான சைக்கிள் 15, கிராமத்துச் சாலையில் கார் 60. மோதலின் உக்கிரம் வேகத்தோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் உக்கிரம் நான்கு மடங்கு. காரின் வேகத்தை 60-லிருந்து 30-க்குக் குறைத்தால், ஒரு செங்கல்கூட வைக்காமல் பழைய கிராமத்துச் சாலையே நடைக்கும் சைக்கிளுக்கும் தாங்கக்கூடிய வழியாகிவிடும். பாதை மேம்பாட்டில் மலிவானதும், அரசியல்வாதிகளுக்குப் பிடிக்காததும் இதுதான்.

சைக்கிளும் காலும் பகிர்கிற இடத்தில் ஒரு மரியாதை போதும். இங்கிலாந்தில் குதிரைத்தடங்களில் சைக்கிள் விட 1968-இல் சட்டம் இடம் கொடுத்தபோது, நடக்கிறவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. வேகமானவர் மெதுவானவருக்கு ஒதுங்க வேண்டும். நம் சாலையில் நடைமுறை இதற்கு நேர் எதிர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, கிண்டிக்கு வருவோம்

கிண்டி பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978-இல் தேசியப் பூங்காவானது. வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழ்கிற, இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு. நகரத்தின் நடுவில் இப்படி மிஞ்சியிருப்பதே அதிசயம்.

காட்டுக்குள் ஒரு பாதை போட்டால் அது எடுத்துக்கொள்வது தன் அகலத்தை மட்டும் அல்ல. இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு வெயில் கூடும், சத்தம் கூடும், களைச்செடி நுழையும், கூச்சமுள்ள உயிர்கள் விலகிப்போகும். இதை விளிம்பு விளைவு என்பார்கள். பேருந்தில் ஜன்னலோரம் ஒருவர் மீன்கூடையோடு உட்கார்ந்தால் காலியாவது அவர் சீட்டு மட்டுமா?

ஒரு பேச்சுக்கு, பக்கத்துக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டர் நீளப் பாதை போட்டால் அந்த விளைவு 20 ஹெக்டேரில் படியும். கிண்டி மொத்தமே சுமார் 270 ஹெக்டேர். ஏழு சதவீதத்துக்கு மேல் போச்சு. பீக் டிஸ்ட்ரிக்ட் கிண்டியைப் போல ஐந்நூறு மடங்குக்கும் பெரியது. அங்கே அதே பாதை கடலில் பெருங்காயம். மேலும் அங்கே பெரும்பாலும் இருக்கிற தடத்தைத்தான் செப்பனிடுகிறார்கள், புதுக் காட்டை வெட்டுவதில்லை.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: “பக்கத்து ஐ.ஐ.டி.யில் மானுக்கு நடுவில்தானே பையன்கள் சைக்கிளில் போகிறார்கள்?” நல்ல கேள்வி. ஐ.ஐ.டி. வளாகமும் அந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதுதான். அங்கே கட்டடமும் சாலையும் வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது, புள்ளிமான் பழகிக்கொண்டது. எல்லா உயிரும் புள்ளிமான் அல்ல. பழகாததற்கு ஒதுங்க ஓரிடம் வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த 2.7 சதுர கிலோமீட்டர்தான் அது.

முதுமலை போன்ற இடத்தில் காரணம் இன்னும் நேரடியானது. சைக்கிளின் பெருமையே சத்தமில்லாமல் வேகமாகப் போவது. யானைக் காட்டில் அதுவே ஆபத்து. ஜீப் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரியும், வளைவில் சட்டென்று முளைக்கிற சைக்கிள் தெரியாது. திடுக்கிட்ட யானை நமக்கு மரியாதைச் சலுகை எல்லாம் காட்டாது.

அதற்காகத் தமிழ்நாட்டுக் காட்டில் கால் வைக்கவே கூடாது என்பதும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி நடைப்பயணம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தப் பருவத்தில் போவது, யார் அழைத்துப் போவது, ஆபத்தில் எந்தப் பக்கம் வெளியேறுவது என்பவையும் பாதையின் பகுதிதான் என்பதை அது கொடூரமாகக் காட்டியது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைநடை வழிகளை முறைப்படுத்தித் திறந்தது. முன்பதிவு வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். சைக்கிள் ஆசைக்கு வண்டலூர் இருக்கிறது. உயிரியல் பூங்காவில் விலங்குகள் அடைப்புக்குள் இருப்பதால், வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மர நிழலில் அரை நாள் சுற்றலாம்.

கிண்டியைப் பற்றி நண்பரிடம் நான் சொன்னது வேறு. வேலிக்கு உள்ளே சைக்கிள் தேவையில்லை. ஆனால் சிறுவர் பூங்கா வாசல் வரை ஒரு குழந்தை நடந்தோ சைக்கிளிலோ வர முடிகிறதா? கயிறு நைந்திருப்பது வேலிக்கு வெளியேதான்.

டிசம்பர் விடுமுறையில் நண்பரின் மகளும் பேத்திகளும் வந்திருந்தார்கள். சின்னவளுக்கு இரண்டு வயது. நான் சொன்னது நினைவுக்கு வர, நண்பர் தள்ளுவண்டியில் அவளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்தே போய்ப் பார்த்தாராம். பிளாட்பாரத்தில் எத்தனை முறை இறங்கி ஏறினீர்கள் என்று கேட்டேன்.

“பாதி வரைக்கும் எண்ணினேன் சார். அப்புறம் ரோட்டுலயே தள்ளிட்டுப் போயிட்டேன்.”